ஜெர்மன் துப்பாக்கியும் இரண்டு கீறலும்

துருவைக் கண்டால் எனக்கு அந்த நாட்களில் பற்றிக்கொண்டு வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, அது ஒரு வியாதி. இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி நேரமும் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. துரு, கீறல், சொட்டை, பிசிறு. ஒரு மனிதனுக்குச் சம்பளமும் யூனிஃபார்மும் கொடுத்து, மத்தியானச் சாப்பாடும் போட்டு, 'குறை சொல்லு, குறை சொல்லு' என்று உட்கார வைத்தால் அவன் என்ன ஆவான்? டீக்கடைக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் வாட்சில் கீறல் இருந்தால் என் ஸ்டாப்பிங் வரும்வரை அதையே முறைத்துக்கொண்டு வருவேன்.

எங்கள் லைனில் மூன்று நிறச் சீட்டுகள் உண்டு. நல்ல பாகத்துக்குப் பச்சை. ஆகாததற்குச் சிவப்பு. இரண்டும் கெட்டான் என்றால் மஞ்சள். மஞ்சள் கட்டிவிட்டால் அந்தப் பெட்டியை யாரும் தொடக் கூடாது. அனுப்பவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. சம்பந்தப்பட்ட ஆள் வந்து பார்த்து முடிவு சொல்லும்வரை அது அங்கேயே கிடக்கும். 'யாருக்காகக் காத்திருக்கிறது' என்று அந்தச் சீட்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அதில் அந்த ஆளின் பெயரை எழுத வேண்டும். மிச்சம் விழுந்த சீட்டுகளைப் பையில் போட்டு ரூமுக்குக் கொண்டுவந்துவிடுவேன், வெட்டிப் பெருமைக்கு.

ரூம் என்றால் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டின் மேல் அறை. நான் சாத்தூர்ப் பக்கத்து ஆள். கீழே ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும். அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் அப்பாவும் டிரைவர்தான், அந்தக் காலத்து மெட்ராஸில் ஒரு ஜெர்மன் துரைக்குக் கார் ஓட்டியவர். அந்த அப்பாவின் பெயரைத்தான் வீட்டு கேட்டில் 'இல்லம்' சேர்த்து எழுதியிருந்தார்கள்.

ஒரு நாள் அந்த அம்மாவின் குக்கர் கைப்பிடி ஆடுவதைப் பார்த்துவிட்டு, சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டேன்.

"ஏம்பா, உனுக்கு வேற வேலையே இல்லியா? அப்டியே என் மூஞ்சிலயும் ஒண்ணு கட்டு" என்றார் அந்த அம்மா.

உள்ளேயிருந்து ஹவுஸ் ஓனர் குரல் மட்டும் வந்தது. "அதுக்குச் செவப்பு கட்டி முப்பத்தஞ்சு வருஷம் ஆவுது தம்பி. திருப்பி எடுத்துக்க மாட்டேன்றாங்க."

அன்று ஹவுஸ் ஓனருக்கு ராத்திரிச் சாப்பாடு பழையசோறுதான் என்று கேள்வி.

தேர்தல் அறிவித்த வாரம் அவர் ஒரு மரப்பெட்டியை வயர் கூடையில் வைத்து, கூடையை மொபெட்டின் முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினார். "எங்கய்யா கெளம்பிட்டீக?" என்று கேட்டேன். "துப்பாக்கிய ஸ்டேஷன்ல வுட்டுட்டு வரேன் தம்பி" என்றார், ஏதோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப்போகிற மாதிரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதமாக நான் துப்பாக்கிக்கு மேலேதான் படுத்துத் தூங்கியிருக்கிறேன்! லைசென்ஸ் உள்ள துப்பாக்கியைத் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டுமாம். ஓட்டு எண்ணி முடித்தபின் ரசீதைக் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். ஒவ்வொரு தேர்தல் ரசீதையும் அவர் நூலில் கோத்து வைத்திருந்தார்.

அந்த முறை துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போனபோது ஒரு சங்கடம். எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் புதியவர். லைசென்ஸ் புத்தகத்தில் 'ஜெர்மன் பிஸ்டல், பழையது, ஒன்று' என்று மட்டும் இருந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "இன்னா சார், வாழக்கா பஜ்ஜி ஒண்ணுன்ற மாதிரி எழுதிக்கீது? இன்னா வகை, எத்தினி வருஷத்துது, இன்னா மதிப்பு, ஒண்ணும் இல்லியே. அடுத்த ரினியூவலுக்கு ஒரு மதிப்பு பேப்பர் வாங்கினு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஹவுஸ் ஓனர் பெட்டியை என் முன்னால் திறந்தார். கையில் எடுத்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் நீட்டினார். சினிமாவில் பார்க்கிற துப்பாக்கி மாதிரி இல்லை அது. ஒரு சாணுக்கு மேல் நீளமான எட்டுப்பட்டைக் குழல். கைப்பிடி மரத்தைக் கைக்கு அளவெடுத்துச் செதுக்கியிருந்தார்கள். உள்ளங்கை உட்கார ஒரு மேடை, நடுவிரல் தங்க ஒரு இரும்பு வளைவு. ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான் போட முடியும். "இது ஆள சுடறது இல்ல தம்பி. அட்டையில வட்டம் போட்டு நடுப்புள்ளிய சுடற பந்தயத் துப்பாக்கி" என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. குழல் முழுக்கக் காப்பி நிறத்தில் துரு. துரு! கை நமநமத்தது.

"யாருக்கு வேணுமாம் இது? குடுத்துத் தொலைச்சா பீடை வுட்டுது" என்றார் அம்மா.

"குடுக்கலாம். ஆனா ஒண்ணு தெரியணும்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். ஜெர்மனிக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை வந்தபோது துரையை வெள்ளைக்காரப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் முகாமில் அடைத்துவிட்டது. துப்பாக்கி டிரைவர் வீட்டில் தங்கிவிட்டது. துரை கொடுத்தார் என்று டிரைவர் சொன்னார். ஊர் நம்பவில்லை. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் பங்காளிகளில் ஒருவன், 'தொரை வூட்டு சாமான அடிச்சிகினு வந்தவரு புள்ள வராருடா' என்று இலை போடுகிற இடத்தில் சத்தமாகச் சொல்வான்.

"சின்ன வயசுல நான் நம்பினேன் தம்பி. அப்பால எல்லாரும் சிரிக்கறதப் பாத்து எனக்கே டவுட்டு வந்துட்ச்சி. எங்கப்பன் செத்த அன்னிக்குக்கூட அந்த டவுட்டோடதான் கொள்ளி வெச்சேன். தொரை குடுத்ததுன்னா வித்துடுவேன். திருடினதுன்னா அத வித்து ஒரு வாய் சோறு துன்ன மாட்டேன். நீதான் குறை கண்டுபுடிக்கறதுல கில்லாடியாச்சே, கண்டுபுடிச்சிக் குடு."

இப்படி ஒருவர் கேட்டால் எவனுக்குத்தான் தலை கிறுகிறுக்காது? ஏற்றுக்கொண்டேன்.

முதல் வேலையாகத் துப்பாக்கிக்கு பென்சில் பிரிண்ட் எடுத்தேன். செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கிப் பெயர் மாற்றியவர்களுக்குத் தெரியும். சேஸிஸ் நம்பர் மேல் பென்சில் கரியைத் தேய்த்து, செலோடேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தி உரித்தால் நம்பர் அப்படியே டேப்பில் வந்துவிடும். அதை வெள்ளைத் தாளில் ஒட்டினால் வண்டியின் ஜாதகம் தயார். அதே வித்தைதான். குழலுக்கு அடியிலிருந்த மரத்துண்டைக் கழற்றியதும் குட்டிக் குட்டி முத்திரைகள் வரிசையாகத் தெரிந்தன. கிரீடத்துக்குக் கீழே ஒரு எழுத்து, மறுபடி ஒரு கிரீடம், வேறொரு எழுத்து, ஒரு நம்பர். எல்லாவற்றையும் டேப்பில் எடுத்தேன்.

அதே இடத்தில் இரண்டு வரிக் கீறலும் இருந்தது. கோழி சீய்த்த மாதிரி மேலும் கீழுமாக ஓடியது, உள்ளே துரு அடைத்திருந்தது. யாரோ ஆணியால் இழுத்திருக்கிறான், பாவி. ரூம் மேஜையில் கம்பெனி இன்ஸ்பெக்ஷன் தாள் ஒன்று கிடந்தது. முறைப்படி அதில் எழுதினேன். 'குழல் மேற்பரப்பு: துரு. குழல் அடிப்பக்கம்: கீறல், இரண்டு வரி. முடிவு: தேய்த்து எடுக்கவும்.' எந்தக் குறையையும் சரிசெய்வதற்கு முன் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் டிபார்ட்மெண்ட் சட்டம். அதனால் கீறலையும் ஒரு டேப்பில் எடுத்து, தாளின் பின்பக்கம் ஒட்டிக் கோப்பில் போட்டேன். போட்டதை மறந்தும் போனேன்.

முத்திரை டேப்புகளோடு ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்த நாள் இன்டர்நெட்! ஒரு படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். முதலில் கிரீடத்தின் நுனி வரும்; நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்; கிரீடத்தின் பாதி வந்திருக்கும். மூன்று சாயங்காலம் தவம் கிடந்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. கிரீடத்துக்குக் கீழே 'யு' என்று இருந்தால், முடித்த துப்பாக்கியை அரசாங்க ஆள் ஒருவர் பார்த்துச் சரி என்று அடித்த முத்திரையாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் உட்கார்ந்து, என்னை மாதிரியே மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, ஒருத்தன் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓகே சீல் அடித்திருக்கிறான். நம்ம ஆளு!

கம்பெனியிலேயே ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். புது கிரைண்டிங் மெஷினைப் பொருத்திக் கொடுக்க வந்த பெரியவர். அவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு பாகத்தின் அளவு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. நான் சரி என்ற பாகத்தை அவர் இல்லை என்றார், அதுவும் லைனே பார்க்க. நான் பேசுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கு ரோஷம் ஜாஸ்தி.

மதிப்புப் போடச் சென்னை அண்ணா சாலையில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போவதென்று முடிவாயிற்று. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் கம்பெனிகளில் ஆடிட் வருகிறது என்றால் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு வாரம் உற்பத்தி இரண்டாம் பட்சம். தரைக்குப் பெயிண்ட், மெஷினுக்குப் பெயிண்ட், செடிக்குத் தண்ணீர், கக்கூஸுக்கு பினாயில். வருகிறவன் கண்ணுக்கு எல்லாம் புதுசாகத் தெரிய வேண்டும். துப்பாக்கியை ஒருவர் பார்த்து மார்க் போடப்போகிறார் என்றால் அதுவும் ஆடிட்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். இரும்பு தேய்க்கிற எமரித் தாள், பாலிஷ் பேஸ்ட், பனியன் துணி. ஹவுஸ் ஓனர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். துரு போகப் போக, உள்ளேயிருந்து இரும்பு பளபளவென்று வெளியே வந்தது. கீறல்தான் கொஞ்சம் படுத்தியது. அதற்கென்று தனியாக அரை மணி நேரம் தேய்த்தேன். கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்தேன். பன்னிரண்டு மணிக்கு அதை வெயிலில் நீட்டியபோது கண் கூசியது.

"அட்றா சக்க! புத்தம் புதுசா கீது தம்பி" என்று அவர் கைதட்டினார். அம்மா என்னைக் கீழே கூப்பிட்டு வஞ்சிரமீன் குழம்பு ஊற்றினார். நான் மூன்று முறை சோறு வாங்கினேன். இன்றைக்கும் வஞ்சிரத்தைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். லைசென்ஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த பிறகுதான் பெட்டியைத் தொட்டார். திறந்ததும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே வாடியது. எனக்கு முதலில் விளங்கவில்லை. வேலையை ஆரம்பித்தார். குழலை ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பார்த்தார். "உள்ள சுருள் பள்ளம் தேயாம நல்லா கீது." கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குழல், அடிப்பாகம், விரல் வளைவு என்று ஒவ்வொரு நம்பராகப் பார்த்தார். "எல்லாம் ஒரே நம்பர். ஒரு பார்ட்டும் மாத்தல." விசைக்கு முன்னால் இருந்த குட்டி ஊசியைத் தட்டிவிட்டு, விசையை நகத்தால் லேசாகத் தொட்டார். டிக். "தொட்டாப் போதும். அதுக்குன்னே செஞ்சது. ஜெர்மனி சரக்கு, நூறு வருஷம் ஆயிருக்கும். பணக்கார ஊட்டு கிளப்புல பந்தயத்துக்கு வெச்சிருந்தது."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அப்புறம்தான் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. எவன் பா இத எவர்சில்வர் கடையில போட்டு எடுத்தது?"

நான், "துருவா இருந்துச்சுங்கய்யா, நாந்தான் சுத்தம் பண்ணேன்" என்றேன்.

"துரு இல்ல பா அது! அந்தக் காலத்துல குழலுக்கு நீலம் ஏத்துவான். அந்த நீலம் வருஷக்கணக்கா கை பட்டு, காத்து பட்டு, காப்பிக் கலருக்கு வரும். அதான் அதோட வயசு, அதான் அதோட சர்ட்டிபிகேட்டு. பழைய சாமான் சேக்கறவன் அத பாத்துதான் துட்டு எடுப்பான். அப்டியே எடுத்தாந்திருந்தா லட்சத்துக்கு மேல பேசலாம். இப்ப பாதிக்குக்கூட வாயத் தொறக்க முடியாது."

பாதி விலையை மொட்டை மாடியில் பனியன் துணியால் துடைத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஹவுஸ் ஓனர் விலையைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. "பாய், இது எங்கப்பாவுக்கு ஒரு தொரை குடுத்தது. குடுத்தாருன்னு கண்டுபுடிக்க ஏதாச்சும் வழி கீதா?" என்று கேட்டார்.

பெரியவர் அடிமரத்தைக் கழற்றிக் குழலைச் சாய்த்துப் பிடித்தார். "இங்கதான் பேரு கீறி வெப்பாங்க. ஊர வுட்டுப் போறப்ப, கை மாத்தறப்ப, வெளிய தெரியாம மரத்துக்கு அடியில எழுதுவாங்க. தோ பாரு, ரெண்டு வரி தடம் தெரியுது." விரலால் தடவினார். "இருந்திருக்கு. தேச்சி எடுத்துட்டான்."

ஹவுஸ் ஓனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. வெறுமனே பார்த்தார். "கீறல்னு நெனச்சேன்யா" என்றேன்.

பெரியவர் மதிப்புப் பேப்பரை டைப் அடித்துக் கொடுத்தார். வகை, ஏறக்குறைய வயது, மதிப்பு, கீழே ஒரு வரி: 'பிற்காலத்தில் மெருகேற்றப்பட்டது, அசல் மேற்பூச்சு இல்லை.' என் பெயரைப் போடாதது ஒன்றுதான் குறை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லியில் இறங்கி டீ வாங்கி என் கையில் கொடுத்தார். "சாப்டு தம்பி. நீ இன்னா வேணும்னா பண்ணே?" என்றார். ஒரு மனுஷன் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரே ஒரு சாட்சியை நான் எமரித் தாளால் தேய்த்துக் கொன்றுவிட்டு, அதற்கு மீன்குழம்பும் தின்றிருக்கிறேன்.

மறுநாள் முதல் ஷிஃப்ட். லைனில் யாரோ ஒருவன் பாகத்தைப் பதிவு பண்ணாமலே தேய்த்துவிட்டான் போலிருக்கிறது. சூப்பர்வைசர் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். "தேய்க்கறதுக்கு முன்னாடி ரெக்கார்டு எங்கடா? முன்னாடி ரெக்கார்டு எங்கே?"

அளவு பார்க்கிற கேஜை மேஜையில் வைத்தேன்.

ரெக்கார்டு! நான் எடுத்து வைத்திருக்கிறேனே! வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பெர்மிஷன் போட்டு, பிள்ளைப்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனேன். கோப்பைக் கட்டிலில் கவிழ்த்தேன். இன்ஸ்பெக்ஷன் தாள் இருந்தது. திருப்பினால், பின்பக்கத்தில் செலோடேப். கறுப்புக் கரியின் நடுவே வெள்ளையாக இரண்டு வரி, மேலும் கீழும், மேலும் கீழும். ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் இப்போது பார்க்கும்போது அது எழுத்து என்று தெரிந்தது. ஆணியால் இழுத்தவன் வரி பிடித்து, இடம் விட்டு, அழகாக முற்றுப்புள்ளி வைக்க மாட்டான் அல்லவா? அன்றைக்கு எங்கே போயிற்று என் கண்?

ரோஷத்தை ரூமிலேயே கழற்றி வைத்துவிட்டு, மத்தியானம் கம்பெனி கேண்டீனுக்குத் திரும்பி ஓடினேன். ஜெர்மன்காரர் தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன், எதற்கு என்று அவருக்கு ஞாபகம்கூட இல்லை. தாளை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி போட்டவர், அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். இது எங்கள் பழைய கையெழுத்து, இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே வாசிக்க வராது, என் அப்பா இப்படித்தான் கடிதம் எழுதுவார் என்றார். பிறகு விரலை வைத்து மெதுவாகப் படித்தார். நடுவில் ஒரு பெயர் வந்தது. அதை அவர் உச்சரித்த லட்சணத்தில் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். தினமும் நான் திறந்து மூடுகிற கேட்டில் எழுதியிருக்கிற பெயர் அது.

சாயங்காலம் கீழ்வீட்டில் அவரையும் அம்மாவையும் உட்கார வைத்து, ஜெர்மன்காரர் சொன்னதை ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். முதல் வரியில் ஹவுஸ் ஓனருடைய அப்பாவின் பெயரும், 'என் டிரைவரிடம், பத்திரமாக வைத்திருக்க' என்பதும். இரண்டாவது வரி, 'நான் திரும்பி வருவேன்.'

ஹவுஸ் ஓனர் என் பக்கம் குனிந்தார். "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். "எங்கப்பன் பேரு போட்டுக்கீதா?" போட்டிருக்கிறது என்று டேப்பைக் காட்டினேன். அந்தக் கிறுக்கலை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி அதன்மேல் விரலை ஓட்டினார்.

"அப்ப திருடல" என்றார்.

"திருடல."

"குடுக்கவும் இல்ல."

அம்மாதான் வெடித்தார். "நம்பாதவன் கையில எவனாச்சும் வெச்சிட்டுப் போவானா? அந்தப் பரதேசிங்க பந்தியில உக்காந்து சிரிச்சானுங்களே, வரச்சொல்லு இப்ப அவனுங்கள! இந்தத் தாள நடு ஹால்ல ஒட்றேன்!"

அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "வருஷா வருஷம் எங்கப்பன் இத வெளிய எடுத்து எண்ணெ போட்டுத் தொடைப்பாரு தம்பி. எதுக்குப்பா சும்மா தொடைக்கறேன்னு கேட்டா, 'வந்து கேட்டா குடுக்கணும்டா'ன்னுவாரு. போலீசுக்குப் பயந்துக்கினு சொல்றாருன்னு நான் நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவருக்கு மானம் போச்சு, பேரு போச்சு. கஷ்ட காலத்துலகூட விக்கல. பெத்த புள்ள நானே அவர திருடன்னு நெனச்சேனே தம்பி." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

ரினியூவல் ஃபாரத்தை நிரப்பும் வேலை எனக்கே வந்தது. வகை, வயது, மதிப்பு எல்லாம் கடைக்காரர் பேப்பரைப் பார்த்து எழுதினேன். 'எவ்வாறு கிடைத்தது' என்ற இடத்துக்கு வந்ததும் பழைய ஃபாரங்களில் இருந்த மாதிரி 'தகப்பனார் வழி' என்று எழுதப் போனேன். ஹவுஸ் ஓனர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்திரமா வெச்சிருக்கச் சொன்னதுன்னு எழுது." எழுதினேன். ஸ்டேஷனில் அந்த ரைட்டர் அதைப் படித்துவிட்டு, "யாரு சார் சொன்னது?" என்று கேட்டாராம். இவர் டேப் ஒட்டிய தாளை மேஜைமேல் வைத்தாராம். ரைட்டர் முழுக்கதையும் கேட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தாராம். இதை அவர் என்னிடம் நாலு தடவை சொன்னார்.

விற்கிற பேச்சு அதோடு நின்றுபோயிற்று. எதிர்பார்த்ததற்கு மாறாக அம்மாவும் அதை எடுக்கவில்லை.

லைசென்ஸ் புத்தகம் ரினியூ ஆகி வந்த அன்று ஹவுஸ் ஓனர் என்னைக் கீழே கூப்பிட்டார். பெட்டி திறந்திருந்தது.

"தம்பி, அந்த மஞ்ச சீட்டு ஒண்ணு கீதா உங்கிட்ட?"

மேலே ஓடிப் போய் எடுத்து வந்தேன். 'யாருக்காகக் காத்திருக்கிறது' என்ற கோட்டைக் காட்டி, பேனாவை நீட்டினேன். அவரே எழுதினார், பெரிய பெரிய எழுத்தில்: 'தொரைக்கு.' பெட்டியின் பிடியில் சீட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார். பிறகு அவர் அப்பா செய்த மாதிரி, எண்ணெய்த் துணியை எடுத்துக் குழலைத் துடைக்க ஆரம்பித்தார். பின்பக்கம் குறிபார்க்கிற தகட்டுக்கு அடியில், என் எமரித் தாள் எட்டாத மூலையில், காப்பி நிறத்தில் கடுகளவு துரு மிச்சம் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.